வர்ணிகாவுக்கென்று சுருட்டியது

செங்காட்டுப்புதூரில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தரையை விட்டு எழும்பத் தொடங்கியது, ஆடிக்காற்று ஓய்ந்து காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்த புரட்டாசியில், லோகநாதன் மனைவி தமயந்தி தன் மகள் வர்ணிகாவின் பிறந்தநாளுக்கு நாலாம் வகுப்பு முழுவதற்கும் சப்பாத்தி ரோல் செய்து கொடுத்தனுப்பிய அன்றுதான். பிலோமினா டீச்சர் கரும்பலகையில் தசமக் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பெஞ்சுகள் காலியாக இருந்தன, பிள்ளைகள் எல்லோரும் உத்தரத்தை ஒட்டி, கையில் பென்சிலும் நோட்டுமாக, குளத்தில் மிதக்கும் வாத்துகளைப் போல ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மிதந்தார்கள், வர்ணிகா மட்டும் கீழே தன் இடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் முதலில் போய் ஃபேனை நிறுத்தினார். பிறகு, மேலே இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று பலகையின் மேற்பாதியில் பெரிய எழுத்தாக எழுதி மீதிக் கணக்கை முடித்தார்.

அந்த ரோல் யாரையும் பறக்கவைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வர்ணிகாவுக்கு உடம்பில் ரத்தம் போதவில்லை என்று உடுமலை டாக்டர் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துச் சொன்னதிலிருந்து தமயந்திக்கு அதே நினைப்பாக இருந்தது. கீரையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற, பயறைக் கண்டால் டப்பாவை மூடிவிடுகிற பிள்ளைக்குள் இதையெல்லாம் எப்படி அனுப்புவது என்று யோசித்து யோசித்து, கோதுமை மாவோடு கம்பு மாவும் முருங்கைக்கீரைப் பொடியும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டு, அதன் மேல் வேர்க்கடலையும் எள்ளும் வறுத்தரைத்த துவையலைத் தடவி, முளைகட்டி வேகவைத்த பாசிப்பயறையும் துருவிய கேரட்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சை பிழிந்து பரப்பி, இறுக்கமாகச் சுருட்டி, வாட்டிய வாழையிலையில் மடித்து நாரால் கட்டித் தருவதை வழக்கமாக்கியிருந்தாள். பிறந்தநாளுக்கு சாக்லேட் வேண்டாம், நல்லதாக ஒன்று கொடுக்கலாம் என்றுதான் வகுப்புக்கே செய்தாள். அதைத் தின்றவர்கள் நாலு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை உத்தரத்தடியிலேயே மிதந்துவிட்டு, மணிச்சத்தத்தில் பழுத்த இலை இறங்குவதைப் போல இறங்கி, பையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

ஊர் இரண்டொரு நாள் பேசியது, அதற்குள் பழகிவிட்டது. பெரியவர்களும் ஆசைக்கு ஒன்று தின்று பார்த்தார்கள், அவர்களுக்கு வயிறு சுத்தமானதைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. அதனால் இது பிள்ளைகளின் சமாச்சாரம் என்று முடிவாகி, மற்ற வகுப்புப் பெற்றோரும் தங்கள் பிள்ளைக்கும் ஒன்று வேண்டும் என்று வந்து நிற்க, பள்ளிக்கூடத்தில் மதியத்துக்கு மேல் ஃபேன் போடுவது நின்றது, டிரில் மாஸ்டர் காற்றடிக்கும் நாட்களில் சின்னப் பிள்ளைகளின் இடுப்பில் கட்டத் தாம்புக்கயிறு வாங்கி வைத்தார், டெய்லர் பெண்பிள்ளைகளின் பாவாடைக்குள் கால்சட்டை வைத்துத் தைத்தார், தென்னந்தோப்புக்காரர்கள் எந்த மரத்தில் காய் முற்றியிருக்கிறது என்று மேலே போகும் பிள்ளைகளிடம் கேட்டு வைத்துக்கொண்டார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி மட்டும் உச்சிக்கால பூஜை நேரத்தில் கோபுரத்துக்கு மேலே காலை நீட்ட வேண்டாம் என்று சொல்லியனுப்பினார், பிள்ளைகளும் கேட்டுக்கொண்டார்கள்.

தமயந்தியின் அடுப்படி ஊரின் அடுப்படி ஆயிற்று. விடிந்தால் பெண்கள் டப்பாவோடு வந்தார்கள், வரும்போது வீட்டிலிருந்து மாவும் கீரையும் கடலையும் கொண்டுவந்து, உட்கார்ந்து கேரட் துருவினார்கள், பயறு மசித்தார்கள், இலை துடைத்தார்கள், ஆனால் தேய்ப்பதும் சுருட்டுவதும் தமயந்தியின் கையால் நடந்தால்தான் பிள்ளை எழும்பியது, மேகலா ஒரு நாள் அதே மாவில் தேய்த்துச் சுருட்டிக் கொடுத்த பையன் பெஞ்சிலேயே தூங்கிவிட்டான். மேகலா பக்கத்து வீட்டுக்காரி. தமயந்தி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஆயிரம் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம். முதுகு தேய்த்துவிடுவது முதல் பிரசவத்துக்குக் கூட இருந்தது வரை எல்லாம் அவள்தான். ஊரிலுள்ள எல்லா வீட்டுக் கதையும் அந்த அடுப்படியில் வெந்தது, எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எவன் குடித்துவிட்டு வாய்க்காலில் கிடந்தான் என்று எதுவும் மிச்சமில்லை. தமயந்தி இலை பறிக்கக் கொல்லைக்குப் போய்த் திரும்பி வரும்போது சில வேளை பேச்சு பட்டென்று வேறு பக்கம் திரும்பும், அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டதில்லை. இத்தனை பேர் தன் வீட்டில் கால் மடக்கி உட்கார்ந்திருப்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரே குறை வர்ணிகா. தாய்க்காரி கையாலேயே தின்று வளர்ந்ததால் அவளுக்கு உடம்பு பழகிப்போயிருக்கும் என்று மற்றவர்கள் சமாதானம் சொன்னார்கள். தமயந்தி சமாதானமாகவில்லை. எல்லோருக்கும் சுருட்டி முடித்த பிறகு மகளுக்கென்று தனியாக ஓர் உருண்டை மாவை எடுத்து, அதில் நெய்விட்டுப் பிசைந்து, பன்னீர்க்கட்டியும் பேரீச்சையும் வைத்து, பார்த்துப் பார்த்துத் தேய்த்து, இன்றைக்காவது எழும்பிவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சுருட்டுவாள். லோகநாதன் அந்த டப்பாவை பைக்கில் மாட்டி, மகளை முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவான். காற்றாலைகளின் மேலே ஏறிப் பழுது பார்க்கிற வேலை, காற்று அதிகமான நாட்களில் சைட்டிலேயே ரூமில் தங்கிவிடுவதாகச் சொல்வான், வாரத்தில் பாதி அப்படித்தான் போகும். சாயங்காலம் டப்பா காலியாக வரும். தமயந்தி வாசலில் நின்று, இன்னிக்கு, என்று மட்டும் கேட்பாள். வர்ணிகா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவாள்.

தை பிறந்ததும் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா வந்தது. வழக்கமாக நடனமும் நாடகமும் இருக்கும், அந்த வருடம் பிள்ளைகளை மைதானத்துக்கு மேலே வரிசையாக மிதக்கவிட்டு ஒரு பெரிய தாமரை மாதிரி நிற்கவைக்கப் போவதாக டிரில் மாஸ்டர் சொல்லியிருந்தார். ஊரே வந்திருந்தது. தமயந்தியை முன்வரிசையில் உட்காரவைத்து, பிலோமினா டீச்சர் அவளுக்குச் சந்தனமும் பூவும் கொடுத்தார். மேளம் அடிக்க, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் எழுந்தார்கள், வெள்ளைச் சட்டைகளும் ரோஸ் நிறப் பாவாடைகளும் வெயிலில் விரிந்து, நிஜமாகவே ஒரு தாமரை மைதானத்துக்கு மேலே மலர்ந்து மெதுவாகச் சுற்றியது. கீழே வர்ணிகா கயிறு பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கயிற்றின் மறுமுனையில், தாமரைக்கு நடுவில், மற்ற எல்லோரையும்விட இரண்டு மடங்கு உயரத்தில், யு.கே.ஜி. படிக்கிற ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டிருந்தது.

தமயந்தி எந்தெந்த வீட்டுக்கு ரோல் போகிறது என்று அறிவாள், இந்தப் பிள்ளைக்கு அவள் கொடுத்ததில்லை. பக்கத்திலிருந்த மேகலாவிடம், யாரு வீட்டுப் புள்ள இது, இத்தன மேல போகுது, என்று கேட்டாள். மேகலா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். தமயந்தி பின்வரிசையில் இருந்தவர்களிடம் திரும்பிக் கேட்டாள், அவர்களில் ஒருத்தி மேளக்காரரைப் பார்த்தாள், ஒருத்தி மடியிலிருந்த குழந்தைக்குப் பால்புட்டியை வைத்தாள். அப்போதுதான் காற்று ஒரு சுழற்று சுழற்ற, கயிறு வர்ணிகாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று.

அந்தப் பிள்ளை பட்டம் போல ஏறியது. மேளம் நின்றது, டிரில் மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார், யாரோ மணியடிக்கப் போனார்கள், மணியடித்தால் அத்தனை உயரத்திலிருந்து எங்கே போய் இறங்குமோ என்று இன்னொருவர் தடுத்தார். அதற்குள் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். செருப்பை உதறிவிட்டு, பள்ளிக்கூடத்து மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டியின் இரும்பு ஏணியில், உயரத்துக்குப் பழகிய காலோடு, கீழே பார்க்காமல் ஏறினான். தமயந்தி அந்த ஏற்றத்தை வைத்தே அவனை அடையாளம் கண்டுகொண்டாள், சைட்டில் வேலை என்று காலையில் சொல்லிவிட்டுப் போன லோகநாதன். அவன் தொட்டியின் விளிம்பில் ஒரு கையால் பிடித்துத் தொங்கி, மறு கையால் பறந்துபோகிற கயிற்றை எட்டிப் பிடித்து, சுருட்டிச் சுருட்டி இழுத்து, பிள்ளையின் பாதத்தைப் பிடித்தான்.

அப்பா, என்றது அந்தப் பிள்ளை. பயந்து கத்தவில்லை, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டது. மேளம் நின்றிருந்ததால் மைதானம் முழுவதும் கேட்டது.

தமயந்தி எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். பிலோமினா டீச்சர், டெய்லர், பூசாரி, வேன் டிரைவர், காலையில்தான் அவள் அடுப்படியில் பயறு மசித்த பெண்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பிள்ளைகள் பறக்கிறதை எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் இதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வெகு நாளாகத் தெரிந்த ஒன்று கண்ணெதிரே நடக்கும்போது பார்க்கிற பார்வை. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் தலையிலிருந்த பூ வழியில் எங்கேயோ விழுந்தது.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு அம்மா கேட்காமலேயே வர்ணிகா சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை பெயர் தியா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கலாமணி என்கிற அம்மாவின் வீடு, அப்பா வர்ணிகாவையும் அங்கே கூட்டிப்போயிருக்கிறார், போன வருடத்திலிருந்து. பிறந்தநாளன்று வர்ணிகாவும் எல்லோரோடும் ரோலைத் தின்றாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த நாளும் ஆகவில்லை, அதற்கடுத்த நாளும்.

"தெனமும் நீ வாசல்ல நின்னு இன்னிக்குன்னு கேப்பியில்லம்மா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். அப்பாகிட்டச் சொன்னேன். அப்பிடின்னா பாப்பாவுக்குக் குடுத்துரு, அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்னாரு."

"நீயும் சொல்லல."

"சொன்னா நீ அழுவேன்னாரு."

தமயந்தி அழவில்லை. இத்தனை மாதம் தான் நெய்விட்டுப் பிசைந்ததும் பார்த்துப் பார்த்துத் தேய்த்ததும் மனசுக்குள் சொல்லிக்கொண்டதும் எந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போய் அதை வானத்துக்குத் தூக்கியது என்பதை நினைத்துக்கொண்டு, பிசைந்து மூடி வைத்திருந்த மாவை எடுத்துக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினாள். கோழிகள் வந்து கொத்தின, அவை கோழிகளாகவே இருந்தன.

லோகநாதன் அன்று வீட்டுக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை, சிநேகிதன் ஒருவனிடம் சொல்லியனுப்பினான், கோபம் தணியட்டும், வந்து பேசுகிறேன் என்று. அவனுக்கு முன்னால் ஊர் வந்தது. விடிந்ததும் பெண்கள் டப்பாவோடு வந்து நின்றார்கள், அடுப்பு மூட்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், மேகலா மட்டும் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எப்பருந்து தெரியும் உனக்கு?" என்று தமயந்தி கேட்டாள்.

"அந்தப் புள்ள பொறந்தப்பவே தெரியும்."

"பக்கத்து வீட்ல இருந்துட்டு."

"சொல்லோணும்னு எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு தமயந்தி. நம்மளால ஒரு குடும்பம் கெட வேண்டாம்னு இருந்தேன். அப்புறம் இந்த ரோல் வந்துச்சு." மேகலா காலியான அடுப்பைப் பார்த்தாள். "எம் பையன் ஒரு கால் இழுத்து நடக்கறவன், உனக்கே தெரியும். மேல போனா மத்த புள்ளைகளோட சமமா போறான். உனக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு நிறுத்திருவேன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். நாந்தான் யாரும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன்."

தமயந்தி எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், மேகலா போகும்வரை.

பிள்ளைகள் தரைக்கு வந்தார்கள். ஊர் முதலில் இரக்கப்பட்டது, பிறகு முறையிட்டது, பிறகு கோபித்துக்கொண்டது. புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றார்கள். ஊரில் நடக்காததா, அவளுக்கென்று சோறு போடாமலா விட்டுவிட்டான் என்றார்கள். பிலோமினா டீச்சரே நேரில் வந்து, பிள்ளைகளின் மனசை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். மைதானத்தில் எனக்குச் சந்தனம் வெச்சு விட்டப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா டீச்சர் என்று தமயந்தி கேட்டதும், எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். கடைசியில், பறந்ததற்குப் பழகியது போலவே பறக்காததற்கும் ஊர் பழகியது. ஃபேன்கள் மறுபடி சுற்றின, தாம்புக்கயிறு மாட்டுக்குப் போயிற்று, டெய்லர் பழைய அளவிலேயே பாவாடை தைத்தார்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில், தமயந்தி வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சின்ன உருவம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டித் தனியாக நடந்து வந்து அவள் முன்னால் நின்றது. கையில் டப்பா இருந்தது. மூக்கு லோகநாதன் மூக்கு.

"பெரியம்மா, ரோல்" என்றது.

அந்தச் சொல்லை அது யோசித்துச் சொல்லவில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிப் பழகிய வாய் சொன்னது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில், அப்படி ஒன்று இருப்பதாகவே தான் அறியாத ஒரு வீட்டில், தன்னைப் பற்றிச் சாவகாசமாகப் பேசியிருக்கிறார்கள், பெரியம்மா செய்தது, பெரியம்மா கொடுத்தனுப்பியது, சிந்தாமல் சாப்பிடு என்று. அந்த வீட்டில் தனக்கு ஒரு முறையும் பெயரும் இருந்திருக்கிறது. தமயந்தி முறத்தைக் கீழே வைத்தாள். துரத்திவிடத்தான் வாயைத் திறந்தாள். பிள்ளை டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றது, நடந்து வந்ததில் கால் முழுக்கப் புழுதி.

அவள் உள்ளே போய் மாவு பிசைந்தாள். துருவினாள், மசித்தாள், தேய்த்தாள். ஒரு வார்த்தையும் மனசுக்குள் சொல்லாமல், வேண்டாவெறுப்பாக, நெய் விடாமல், பேரீச்சை வைக்காமல், கை போன போக்கில் சுருட்டிக் கொடுத்தாள். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து, சிந்தாமல், கடைசி வாய்வரை தின்றுவிட்டு, இலையை மடித்து ஓரமாக வைத்தது. பிறகு எழும்பியது. எப்போதும் போலவே எழும்பியது, கூரையில் தலை இடித்துக்கொள்ளப் போனது. தாயின் மனசுதான் பிள்ளைகளைத் தூக்குகிறது என்று ஊர் அவளிடம் சொல்லியிருந்தது, அவளும் நம்பியிருந்தாள், அதுவும் பொய்யாகப் போயிற்று.

தமயந்தி எட்டி அதன் கணுக்காலைப் பிடித்தாள். உள்ளே இருந்து வந்த வர்ணிகாவைக் கூப்பிட்டு, அந்த வீட்டுக்கு வழி காட்டு என்றாள்.

நல்ல வெயிலில், சந்தைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக இருந்த தெருவில், தலைக்கு மேலே ஒரு பிள்ளையைக் காலைப் பிடித்து ஏந்திக்கொண்டு அவள் நடந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்தார்கள். மேகலா வாசல் தெளித்த செம்போடு நின்றாள். இத்தனை வருடம் அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்த ஊருக்கு அன்று எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, கீழே பார்த்தால் தமயந்தி இருந்தாள், மேலே பார்த்தால் தியா இருந்தாள், எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே வந்தாள். தமயந்தி வேகமாக நடக்கவில்லை. ஒவ்வொரு வாசலையும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கதவைத் திறந்தது லோகநாதன். கைலியும் பனியனுமாக, கையில் துவைத்த துணி இருந்தது, அவள் வீட்டில் அவன் ஒருநாளும் துணி காயப்போட்டதில்லை. அவனுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்த கலாமணி தன்னைவிட மெலிந்தவளாக, தன்னைவிடக் களைத்தவளாக இருந்தாள், அது தமயந்திக்கு ஆறுதலாக இல்லை.

"உள்ள வாங்கக்கா, வெயிலா இருக்குது" என்றாள் கலாமணி.

தமயந்தி வாசலிலேயே நின்றாள். பிள்ளையின் காலை லோகநாதன் கையில் கொடுத்து, அவன் இறுகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் தன் விரல்களை எடுத்தாள்.

"லீவு நாள்லயும் வாட்ச்மேன் நாலு மணிக்கு ஸ்கூல் மணி அடிப்பாரு, அப்ப எறங்கும். அதுவரைக்கும் புடிச்சுக்குங்க. இனி எம் புள்ளைய எதையும் மறைக்கச் சொல்லாதீங்க, அவளப் பாக்கோணும்னா ரோட்ல நின்னு பாத்துட்டுப் போங்க. எங்க வீட்டுப் படி ஏறாதீங்க."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், அதற்குள் பிள்ளை வாசல் நிலையின் மேல்கட்டையில் இடித்துக்கொள்ளப் பார்த்ததால் அண்ணாந்து அதைக் கவனிக்க வேண்டியதாயிற்று. அவள் திரும்பி நடந்தாள்.

பாலத்துக்கு வந்தபோது அவளுக்குத் திடீரென்று அது உறைத்தது. நின்று மகளைப் பார்த்தாள்.

"ரோல அவளுக்குக் குடுத்துட்டு, இத்தன மாசமா மத்தியானம் நீ என்னடி சாப்ட்ட?"

வர்ணிகா பாலத்துக் கட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள்.

"அந்தம்மா தியாகிட்ட எனக்கும் ஒரு டப்பா குடுத்து விடுவாங்க."

"என்ன இருக்கும்?"

"எலுமிச்சம்பழச் சோறு. சில நாள் தக்காளிச் சோறு, உருளைக்கிழங்கு வறுத்து."

வாய்க்காலில் தண்ணீர் முறை விட்டிருந்தார்கள், செம்மண் கலந்து போய்க்கொண்டிருந்தது. தமயந்தி கேட்கக் கூடாது என்று நினைத்தாள், கேட்டுவிட்டாள்.

"நல்லா இருக்குமா?"

பிள்ளை அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. என்ன சொன்னால் அம்மா அழமாட்டாள் என்று தேடுகிற அந்தப் பார்வையை, வாசலில் நின்ற எத்தனையோ சாயங்காலங்களில் பார்த்திருந்தும், தமயந்தி இப்போதுதான் கண்டுகொண்டாள்.

"நெசத்தச் சொல்லு கண்ணு. நான் அழுதா அழுதுட்டுப் போறேன்."

"நல்லா இருக்கும்மா" என்றாள் வர்ணிகா. "ரோலக் காட்டிலும்."

தமயந்தி பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, முந்தானையால் முகத்தை மூடாமல் அழுதாள். வர்ணிகா எங்கேயும் போகாமல் பக்கத்தில் நின்றாள். அழுது முடித்ததும் தமயந்தி மூக்கைச் சிந்திவிட்டு, வீட்டில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று யோசித்தாள், இல்லை என்று நினைவு வந்ததும் எழுந்து, மகளைக் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள்.